வீங்காத கால்

வீட்டுச் சொந்தக்காரர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மணி எட்டே முக்கால். அதற்குள் இந்தக் கூடை வெங்காயத்தை உரித்து முடித்துவிட வேண்டும் என்று தையல்நாயகி கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாளே தண்ணீரில் ஊறப்போட்ட சின்ன வெங்காயம். தலையைக் கிள்ளி, வாலைக் கிள்ளி, ஒரு இழுப்பு இழுத்தால் தோல் கழன்றுவரும். எட்டு வருஷமாகப் பெரிய தெரு மெஸ்ஸுக்கு உரித்துக் கொடுக்கிறாள். கண்ணில் நீர் வருவதெல்லாம் முதல் வருஷத்தோடு நின்றுவிட்டது. நேற்று மத்தியானத்திலிருந்து உடம்பு முழுக்க அந்தக் கண்ணைப் போலவே ஆகிவிட்டிருந்தது. அழுகை வருமென்று பார்த்தாள், வரவில்லை. பயம் வருமென்று பார்த்தாள், அது வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு உள்ளே வராமல் எட்டி எட்டிப் பார்த்தது. ராத்திரி சோறு இறங்கியது. தூக்கம்கூட வந்தது. காலையில் எழுந்ததும் ஒரு கணம் எல்லாம் சரியாக இருந்தது, பிறகு, ஓ, நம் ரத்தத்தில் புழு இருக்கிறது என்று ஞாபகம் வந்தது, பால் பாக்கெட் வாங்கவில்லை என்று ஞாபகம் வருவதைப் போல. எழுந்து போய்ப் பால் வாங்கி வந்தாள்.

நேற்று ரேஷன் கடை வாசலில் வைத்துத்தான் அந்த மனிதர் சொன்னார். நகராட்சியில் யானைக்கால் நோய்க்கு ரத்தம் எடுக்கிறவர், தெருவில் எல்லாரும் கொசு ஆபீஸ்காரர் என்பார்கள், காக்கிப் பையும் நரைத்த மீசையுமாகச் சைக்கிளில் வருவார். போன வியாழக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் வந்து, இந்த ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கிற ஐந்து வீட்டாருக்கும் விரல் நுனியில் குத்திக் கண்ணாடித் துண்டில் ரத்தம் தேய்த்துக்கொண்டு போனார். ஏன் இந்நேரத்தில் என்று அவள்தான் கேட்டாள். புழு பகலெல்லாம் உள்ளே பதுங்கிக் கிடக்கும், கொசு கடிக்கிற நேரத்துக்குத்தான் மேலே ஏறி வரும் என்றார். அதுக்குக்கூட நேரம் காலம் தெரிஞ்சிருக்கு பாரு, எங்க வீட்டு மனுஷருக்குத்தான் வீடு வரத் தெரியலை என்று அவள் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தபடிதான் விரலை நீட்டினாள். நேற்று அவர் ரேஷன் கடை வரிசையிலிருந்து அவளைத் தனியே கூப்பிட்டு, திங்கட்கிழமையே சொல்லியிருக்கணும்மா, உங்களைத் தனியாப் பார்க்க முடியலை என்றார். உங்க ரத்தத்திலும் இருக்கு என்றார். சீட்டு எழுதி, பன்னிரண்டு நாளைக்கு மாத்திரை கொடுத்தார். யாரிடமும் சொல்லமாட்டேன், பயப்படாதீங்க என்றார். அவள் பயப்படவில்லை. அவர் மீசையில் ஒட்டியிருந்த டீத் துளியைப் பார்த்துக்கொண்டு, எனக்குக் கால் வீங்கலியே என்று மட்டும் கேட்டாள். அதற்கு அவர் சொன்னதுதான் முள் மாதிரி எங்கேயோ ஏறிக்கொண்டு, வலிக்கவும் வலிக்காமல், எடுக்கவும் வராமல் இருக்கிறது. "வீங்கின கால்காரங்க ரத்தத்துல பெரும்பாலும் புழுவே இருக்காதும்மா. அது என்னைக்கோ செத்திருக்கும், வீக்கம் மட்டும் தங்கிப்போயிடும். உங்கள மாதிரி ஒண்ணும் தெரியாம நல்லா இருக்கவங்ககிட்டேருந்துதான் கொசு எடுத்துக்கிட்டுப் போவும்."

நல்லா இருக்கவங்க. அவள் புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காலைப் பார்த்தாள். கல்யாணத்துக்குப் போட்ட மெட்டி இன்னும் இறுக்கமில்லாமல் சுற்றிவருகிற விரல். கணுக்கால் எலும்பு தெரிகிறது. நாற்பத்தாறு வயசுக்கு நல்ல கால். பெண் பார்க்க வந்தபோது மாமியார் கிழவி காப்பித் தம்ளரை வாங்கிக்கொண்டே முதலில் பார்த்தது இந்தக் காலைத்தான், இந்த ஊரில் பெண் பார்க்க வருகிறவர்கள் முகத்தைப் பார்க்குமுன் காலைப் பார்ப்பார்கள். நாளைக்கு மன்னார்குடிக்காரர்கள் பெண் பார்க்க வந்து மகள் அபிராமியின் காலைப் பார்ப்பார்கள். அப்புறம் அம்மாக்காரியின் காலையும் பார்ப்பார்கள். பார்க்கட்டும். பார்த்துத் தெரிந்துகொள்ள இதில் என்ன இருக்கிறது? தோலுக்குள்ளே என்ன ஓடுகிறதென்று யார் பார்ப்பார்கள்? மாத்திரை போட்டால் முதல் இரண்டு மூன்று நாள் காய்ச்சல் வரலாம், தலை சுற்றலாம், புழு சாகிறதால் அப்படி ஆகும், பயந்துபோய் நிறுத்திவிடாதீர்கள் என்று அவர் சொல்லியிருந்தார். வந்தவர்களுக்கு எதிரே சுருண்டு படுத்துக்கொள்ள முடியுமா? என்ன உடம்புக்கு என்று கேட்டால் என்ன சொல்வது? அதனால் மாத்திரையை இன்னும் பிரிக்கவில்லை. நாளை அவர்கள் போன பிறகு ஆரம்பிக்கலாம். இத்தனை நாள் இருந்தது இன்னும் ஒரு நாள் இருக்கட்டும். உள்ளே எத்தனை இருக்கும்? நூறா, ஆயிரமா? ஒன்றும் ஊர்கிற மாதிரி இல்லை. கையைக் காதோரம் வைத்துக்கூடப் பார்த்தாள், என்ன பைத்தியக்காரத்தனம், புழு என்ன பேசவா போகிறது.

எதிர்ச் சாரிக் கடைசிக் குடித்தனத்தின் கதவு திறந்தது. ஞானாம்பாள் வலது காலை முதலில் வெளியே எடுத்துவைத்தாள், அந்தக் காலுக்கு ஒரு கணம் கொடுத்துவிட்டுப் பிறகுதான் ஆள் வருவாள். முட்டிக்குக் கீழே ஒரே பருமனாக இறங்கி, பாதத்தின் மேல் மடிப்பு விழுந்து கிடக்கும் கால். தினமும் காலையில் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கெல்லாம் துணியால் ஒற்றி எடுத்து, எண்ணெய் தடவுவாள். குழந்தையைக் குளிப்பாட்டுவதைப்போல இருக்கும், பார்க்கச் சகிக்காது என்று தையல்நாயகி அந்த நேரத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இன்றைக்குத் திருப்பவில்லை. திருப்ப வேண்டுமென்று கழுத்துக்குத் தோன்றவில்லை. ஞானக்கா தனிக்கட்டை. பஞ்சு வாங்கி விளக்குத் திரி திரித்துக் கோவில் கடைகளுக்குக் கொடுக்கிறாள். பலகையில் வைத்துத்தான் திரிப்பாள், ஆனால் அந்தக் காலில் வைத்துத் திரிக்கிறாள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை முதலில் யார் சொன்னது? தையல்நாயகி ஒரு வெங்காயத்தை உரித்தாள். இன்னொன்றை உரித்தாள். நான்தான். நவராத்திரி சமயம், பூக்காரியிடம், சும்மா, பேச்சுவாக்கில்.

வருஷத்துக்கு ஒருதரம் வீடு வீடாக மாத்திரை கொடுத்துக்கொண்டு இரண்டு பெண்கள் வருவார்கள். ஊரில் எல்லாரும் ஒரே நாளில் விழுங்க வேண்டும், நோய் இருக்கிறதோ இல்லையோ, எங்கள் கண் முன்னாலேயே விழுங்குங்கள் என்பார்கள். இந்தக் குடித்தனத்தில் யார் விழுங்கினார்கள்? சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்கிறோம், வைத்துவிட்டுப் போங்கள் என்று எல்லாருக்கும் சேர்த்து அவள்தான் வாங்கிக்கொள்வாள், விழுங்கிய அடையாளத்துக்கு விரலில் மையும் வைத்துக்கொள்வாள், அந்தப் பெண்களுக்கும் அடுத்த தெருவுக்குப் போக அவசரம். பிறகு அவ்வளவு மாத்திரையையும் ஒரு காகிதத்தில் மடித்து, நமக்கெதற்கு, நோய் இருக்கிறவளுக்காவது உதவட்டும் என்று ஞானக்காவின் வாசற்படியில் கொண்டுபோய் வைப்பாள். உள்ளே போகமாட்டாள். வைத்துவிட்டு வரும்போது, கோவிலில் அன்னதானத்துக்கு ஒரு படி அரிசி கொடுத்துவிட்டு வருகிற மாதிரி நெஞ்சு நிறைந்திருக்கும். ஒரு தடவை அந்த அக்கா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எனக்கு ஒரு பங்கு போதும் தையலு, இது உங்களுக்குத்தான், நீங்கதான் முழுங்கணும் என்றாள். அன்றைக்கு எவ்வளவு கோபம் வந்தது. கொடுத்ததை வாங்கிக்கொள்ளாமல் அவளுக்கு என்ன திமிர் என்று அபிராமியிடம் சொல்லிச் சொல்லிப் பொருமினாள். எத்தனை வருஷம் அப்படி? ஆறா, ஏழா? ஒவ்வொரு வருஷமும் ஒரே ஒரு தடவை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்திருந்தால்? யோசனை அந்த இடத்துக்கு வந்ததும் மாடு மாதிரி நின்றது. தள்ளினால் நகரவில்லை. சரி, அதை விட்டுவிட்டு வேறு வழியாகப் போகலாம் என்று வெங்காயத்தைப் பார்த்தாள்.

வேறு வழியாகப் போனால் அங்கே நஸ்ரின் படுத்திருந்தாள். அது இன்னும் மோசம். நடுக் குடித்தனத்துப் பர்வீனின் மகள், ஏழு வயசு. பர்வீனின் புருஷன் துபாய் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவள் ரொட்டிக் கம்பெனியில் பாக்கிங் வேலைக்குப் போகிறாள், மத்தியானம் கிளம்பினால் திரும்ப ராத்திரி பத்து மணி ஆகும். புள்ள ஒங்ககிட்ட இருக்கட்டும்க்கா என்று விட்டுவிட்டுப் போவாள். போன கோடையில் உள்ளே படுக்க முடியாமல் முற்றத்தில் பாய் விரித்தார்கள். தையல்நாயகிக்குப் பக்கத்தில் நஸ்ரின். தூங்கியபின் காலைத் தூக்கி இவள் வயிற்றின் மேல் போட்டுக்கொள்வாள். பர்வீன் வந்து எழுப்ப மனசில்லாமல் விட்டுவிடுவாள், விடிகிறவரை அப்படியே கிடக்கும். கொசு வந்தால் புடவைத் தலைப்பால் விசிறுவாள். விசிறினால் கொசு எங்கே போகும்? ஊரைவிட்டா போகும்? இவள் கையிலிருந்து எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, சாக்கடை ஓரச் சுவரில் போய் உட்காரும். அதன் வயிற்றுக்குள் பத்துப் பன்னிரண்டு நாள் அந்தப் புழு வளர வேண்டுமாம். நேற்று கொசு ஆபீஸ்காரர் மாத்திரை கொடுக்கும்போது அதையும் சொல்லியிருந்தார். அப்புறம் மறுபடி அந்தச் சுவரிலிருந்து கிளம்பி வரும். இவளுக்கும் அந்தக் குழந்தைக்கும் நடுவில் ஒரு கை தூரம். ஒரு கொசு கடித்தால் வந்துவிடாது, பல நாள் பல கொசு கடிக்க வேண்டும் என்றார் அவர், ஆறுதலுக்குச் சொன்னார். பல நாள்தானே படுத்தாள். பங்குனி, சித்திரை, வைகாசி. நான் விசிறிக்கொண்டேதான் இருந்தேன். என் மேலிருந்து ஓட்டி அவள் மேல், அவள் மேலிருந்து ஓட்டி என் மேல். ஒரு கை தூரம். வெங்காயத் தோல் ஒன்று ஈரத்தோடு மணிக்கட்டில் ஒட்டியிருந்தது. அதை எடுத்துப் போடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் கொசு ஆபீஸ்காரர் முற்றத்தில் நின்று, குழந்தை ரத்தத்தில் புழு இருக்கிறது, இப்போதே தெரிந்தது நல்லது, மாத்திரையில் சரியாகிவிடும் என்று பர்வீனிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் முற்றத்தில் மெதுவாகச் சொன்னது ஐந்து வீட்டுக்கும் கேட்கும். பர்வீன் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதன் காலைத் தடவித் தடவிப் பார்த்தாள். அவர் போனதும் எல்லார் பார்வையும் கடைசிக் குடித்தனத்துக்குப் போயிற்று. ஞானக்கா வாசலிலேயே நின்று, எனக்கு இல்லேன்னுட்டாங்கம்மா, ஒவ்வொரு தடவையும் எடுக்கிறாங்க, இல்லேன்னுதான் சொல்றாங்க என்றாள். அப்போது தையல்நாயகிதான் சொன்னாள்.

"இல்லேன்னு சொல்லிட்டா ஆச்சா? இந்தக் காலை எங்கக்கா ஒளிச்சு வெப்பீங்க?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்த அக்கா குனிந்து புடவையைக் காலுக்குக் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள். அந்த இழுப்பு. அதைத்தான் நேற்றிலிருந்து அவள் கண் திரும்பத் திரும்பப் பார்க்கிறது, உப்பிப்போன பாதத்தின் மேல் நைந்த நூல் புடவை, இரண்டு விரலால் பிடித்து ஒரு சின்ன இழுப்பு. அன்று ராத்திரியே வீட்டுச் சொந்தக்காரர் வைத்தியலிங்கத்துக்கு அவள் போன் போட்டாள். மற்ற நாலு குடித்தனத்துக்கும் சேர்த்துச் சொல்கிறேன், குழந்தை குட்டி இருக்கிற இடம், ஒன்று அந்தம்மா காலி பண்ண வேண்டும், இல்லையென்றால் நாங்கள் எல்லாரும் காலி பண்ணுகிறோம் என்றாள். எவ்வளவு கோர்வையாகப் பேசினாள். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவள் மாதிரியா பேசினாய், வக்கீல் மாதிரி இல்லையா இருந்தது என்று புருஷன்கூடச் சொன்னான். வியாழக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன் என்றார் வைத்தியலிங்கம். இன்றைக்கு வியாழக்கிழமை.

சொல்லிவிடலாம். வருகிறவரிடம், எனக்கும்தான் இருக்கிறது, அந்த அக்காவை விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? நாளைக்கு மன்னார்குடிக்காரர்கள் வரமாட்டார்கள். வந்தாலும் திரும்பிப் போவார்கள். யானைக்கால் வீட்டுப் பெண் என்று அபிராமிக்குப் பெயர் வரும், அந்தப் பெயர் காலில்லாமலே நடந்து எல்லா ஊருக்கும் போகும். இருபத்துமூன்று வயசு ஆகிறது, ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்று நின்று கால் வலிக்கிறது என்பாள், அதைக்கூட இனி வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஞானக்கா ஒரு மூட்டை பஞ்சையும் பலகையையும் எடுத்துக்கொண்டு போவாள். எங்கே போவாள்? அந்தக் காலைப் பார்த்துவிட்டு யார் வீடு கொடுப்பார்கள்? இந்த வீடே அவள் கால் சாதாரணமாக இருந்த காலத்தில் புருஷனோடு வந்த வீடு. எங்கேயாவது போவாள். ஊர் பெரிய ஊர். தையல்நாயகி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் ஒன்றும் உறைக்கவில்லை. காரமே இல்லாத மிளகாயை மென்றுகொண்டிருக்கிற மாதிரி இருந்தது. யாராவது ஓங்கி ஓர் அறை கொடுத்தால் தேவலை. அபிராமி உள்ளேயிருந்து வந்து, நாளைக்குக் கட்ட அந்தப் பச்சைப் பட்டுக்கு ரவிக்கை கொக்கி விட்டுப்போயிருக்கும்மா, தைத்துத் தா என்றாள். சரி என்றாள். எந்தப் பச்சை என்றுகூடக் கேட்கவில்லை. பெண் இரண்டு நிமிஷம் நின்று அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒனக்கு என்னம்மா என்றாள். வெங்காயம் என்றாள் இவள்.

வைத்தியலிங்கம் சொன்ன நேரத்துக்கு வந்தார். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, செருப்போடு முற்றத்தில் நின்று, நாற்காலி போட வந்த அபிராமியை வேண்டாம் என்று கையமர்த்தினார். கெட்டவர் இல்லை. அவருக்கும் இது பிடிக்காத வேலை என்பது நெற்றிச் சுருக்கத்தில் தெரிந்தது. ஞானக்காவைப் பார்த்து, உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்லம்மா, இத்தனை வருஷத்துல ஒரு பேச்சு வந்ததில்ல, ஆனா நாலு பேர் இருக்கற எடம், பச்சப் புள்ளைக்கு வந்துடுச்சுங்கறாங்க, மாசக் கடைசிக்குள்ள வேற எடம் பாத்துக்கங்க என்றார். அந்த அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலைக் காட்டி ஏதோ சொல்லப் போகிறாள் என்று எல்லாரும் பார்த்தார்கள். சரிங்க என்றாள். அவ்வளவுதான். சண்டை போட்டிருக்கலாம். அவள் கொஞ்சம் சண்டை போட்டிருந்தால் எல்லாருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும்.

"எனக்கும் இருக்கு," என்றாள் தையல்நாயகி.

யார் பேசியது என்று அவளே திரும்பிப் பார்க்காத குறை. வைத்தியலிங்கம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, அவரை அறியாமலே, கிணற்றடி ஈரத்தில் வைத்திருந்த அவள் காலைப் பார்த்தார். மெட்டி, எலும்பு தெரிகிற கணுக்கால். அவர் முகம் இளகியது.

"போன்ல அன்னிக்கு அவ்வளவு பேசுன, இப்ப மனசு கேக்கல, என்னா? ஒன் காலப் பாத்தாத் தெரியாதாம்மா? பாவம் பாத்து ஒன் தலையில ஏன் இழுத்துப் போட்டுக்கற?"

பர்வீனும் சொன்னாள், சும்மா இருங்கக்கா, நாளைக்கு நல்ல காரியத்தை வெச்சுக்கிட்டு வாயில வரக்கூடாத வார்த்தையெல்லாம் சொல்றீங்களே என்று. அபிராமி வாசற்படியில் வெளுத்துப்போய் நின்றாள். இன்னும் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், கொசு ஆபீஸில் கேட்டுப் பாருங்கள் என்று. அந்த வார்த்தை முழுசாக, கோர்வையாக, நாக்கின் மேலேயே இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். மூடியதும் உடம்பெல்லாம் வெதுவெதுப்பாக ஒரு நிம்மதி பரவியது. சொல்லியாயிற்று. நம்பாதது அவர்கள் பாடு. பொய் சொல்லவில்லை. இதைவிட என்ன செய்வாள் ஒருத்தி? வைத்தியலிங்கம் எல்லாருக்கும் பொதுவாகத் தலையை ஆட்டிவிட்டு வாசலுக்குப் போனார். வண்டி இரண்டு தரம் இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது, அவர் அதை ஓடவிட்டு வாசலிலேயே யாரிடமோ பேசிக்கொண்டு நிற்கிற சத்தமும் கேட்டது. நிம்மதி நன்றாக இருந்தது. நேற்றிலிருந்து முதன்முதலாக ஏதோ ஒன்று உறைக்கிறது, அது இந்த நிம்மதி, இவ்வளவு அசிங்கமாக இருக்கிறது, இருந்தாலும் நன்றாக இருக்கிறது.

பர்வீன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கூடையிலிருந்து தானும் ஒரு வெங்காயத்தை எடுத்தாள். குரலைத் தணித்து, மூணு நாளா லீவு போட்டாச்சுக்கா, இன்னிக்குப் போகலேன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க என்றாள். அப்புறம் கொஞ்சம் தயங்கினாள். "அவளுக்கு இப்புடின்னு தெரிஞ்சதுலேருந்து இந்தத் தெருவுல ஒருத்தரும் பக்கத்துல சேக்க மாட்டேங்கறாங்க. நீங்கதான்க்கா எனக்கு. இன்னிக்கு ராத்திரி ஒங்க பக்கத்துலயே படுத்துக்கட்டும்."

நஸ்ரின் ஏற்கெனவே வந்து அவள் தோளில் சாய்ந்துகொண்டு, உரித்த வெங்காயத்தை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டிருந்தாள். மாத்திரை தின்று தின்று வாய் கசக்கிறது என்றாள். தலைமயிரில் எண்ணெய் வாசனை. கன்னம் இவள் கையில் பட்டது, சூடாக இருந்தது, மாத்திரைக் காய்ச்சல். அந்தச் சூடு தோலோடு நிற்காமல் உள்ளே போயிற்று. சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதுதான் சுலபமான வார்த்தை, மூன்று வருஷமாகப் பர்வீனிடம் சொல்லிப் பழகிய வார்த்தை.

"என்கிட்ட விடாத பர்வீனு," என்றாள்.

பர்வீனின் கை நின்றது. நீங்களுமாக்கா என்று அவள் கேட்கவில்லை, ஆனால் குழந்தையின் கையைப் பிடித்து மெல்லத் தன் பக்கம் இழுத்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே தையல்நாயகி மீதியையும் சொன்னாள். சத்தம் போடவில்லை, முற்றத்தில் சத்தம் போடத் தேவையில்லை.

"ஞானக்காகிட்ட விடு. அவங்க ரத்தத்துல இல்ல. என்னுதுலதான் இருக்கு. நாளைக்குக் காய்ச்சல் வந்துடும்னு மாத்திரைய இன்னும் பிரிக்கக்கூட இல்ல. கொசு ஆபீஸ்ல என் பேர எழுதி வெச்சிருக்காங்க, போய்ப் பாரு. இவளுக்கு வந்தது என்கிட்டேருந்துதான்."

படியில் நின்ற அபிராமி அம்மா என்றாள், கூப்பிடவில்லை, சும்மா அந்தச் சொல் வெளியே வந்தது. பர்வீன் எழுந்தாள், குழந்தையையும் எழுப்பினாள், எங்கே போவதென்று தெரியாமல் முற்றத்து நடுவில் நின்றாள். கடைசிக் குடித்தனத்தின் கதவு திறந்தேதான் இருந்தது. வாசலில் ஓடிக்கொண்டிருந்த வண்டியின் சத்தம் நின்றது. செருப்புச் சத்தம் திரும்பி உள்ளே வர ஆரம்பித்தது.